ஆற்றல் போகிறது, பொருள் தங்குகிறது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

உணவுச் சங்கிலி, எரு, பூச்சிமருந்து, பாறுக் கழுகு என்று பல முனைகளிலிருந்து கடிதங்கள் வந்துள்ளன. ஒரு சூழல் மண்டலத்துக்குள் ஆற்றலும் பொருளும் எப்படி நடமாடுகின்றன என்பதைப் பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: "ஆற்றல் ஒரே திசையில் பாய்கிறது, ஊட்டப்பொருள்கள் சுழல்கின்றன" என்று வகுப்பில் சொன்னேன். "செத்த விலங்கை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் அதிலுள்ளதை மண்ணுக்குத் திருப்பித் தருகின்றன என்றால், ஆற்றலையும் சேர்த்துத்தானே திருப்பித் தர வேண்டும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுக்கு எப்படி விளக்குவது?
(அறிவியல் ஆசிரியை, மன்னார்குடி)

பதில்: உங்கள் மாணவி கேட்டது நியாயமான கேள்வி. அப்படி ஒரு குழப்பம் எழுவதற்குப் பெரும்பாலான புத்தகப் படங்களே காரணம். சூரியனிலிருந்து புல்லுக்கும், புல்லிலிருந்து மானுக்கும், மானிலிருந்து புலிக்கும் போகும் அம்புக்குறிகளும், மட்கிய உடலிலிருந்து மண்ணுக்கும் மண்ணிலிருந்து புல்லுக்கும் திரும்பும் அம்புக்குறிகளும் அந்தப் படங்களில் ஒரே நிறத்தில் வரையப்பட்டிருக்கும். அவை இரண்டு வெவ்வேறு விஷயங்களைக் காட்டுகின்றன என்பதைப் படம் சொல்லாது.

இறந்த மானின் தசையிலுள்ள புரதத்தை ஒரு பாக்டீரியா ஆக்சிஜனின் துணையோடு சிதைக்கும்போது, அதிலிருந்த கார்பன் கரியமில வாயுவாகவும், ஹைட்ரஜன் பெரும்பாலும் நீராகவும், நைட்ரஜன் அம்மோனியாவாகவும் வெளியேறுகின்றன. அணுக்களில் ஒன்றுகூடக் குறைவதில்லை. ஆனால் அந்தச் சிதைவில் வெளிப்பட்ட ஆற்றலில் ஒரு பங்கைத் தன் உடலைக் கட்டிக்கொள்ளப் பாக்டீரியா எடுத்துக்கொள்ள, மற்றது வெப்பமாகப் பரவிவிடுகிறது. எடுத்துக்கொண்ட பங்கும், அந்தப் பாக்டீரியா வேறோர் உயிருக்கு இரையாகும்போது, இதே வழியில் வெப்பமாகிறது. உலையின் சூடு அடுக்களை முழுவதும் பரவிய பிறகு அதைத் திரட்டி இன்னோர் உலை வைக்க முடியாது. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி சொல்வதும் இதைத்தான். கடைசியில் அந்த வெப்பம் அகச்சிவப்புக் கதிராக விண்வெளிக்குப் போய்விடுகிறது. வேர் மண்ணிலிருந்து எடுப்பது அம்மோனியம், நைட்ரேட், பாஸ்பேட் போன்ற உப்புகளை. அவற்றை எரித்துச் செடி பிழைக்க முடியாது. வாழ்வதற்கான ஆற்றலைச் செடி மறுபடியும் சூரிய ஒளியிலிருந்தே பெற வேண்டும்.

இதை எண்களில் காட்டினால் மாணவர்களுக்கு ஐயம் தீரும். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் சில்வர் ஸ்பிரிங்ஸ் என்ற தெளிந்த நீரூற்று ஒன்று உண்டு. ஹோவர்டு ஓடம் என்ற ஆய்வாளர் அங்கே ஆற்றலின் வரவையும் செலவையும் அளந்து 1957இல் வெளியிட்ட கணக்கு இன்றும் பாடங்களில் எடுத்தாளப்படுகிறது. ஒரு சதுர மீட்டருக்கு ஓராண்டில் நீர்த்தாவரங்களும் பாசிகளும் ஒளிச்சேர்க்கையால் 20,810 கிலோகலோரியைக் கட்டி வைத்தன. அதில் 11,977ஐத் தங்கள் சுவாசத்துக்கே செலவிட்டுவிட்டதால் மிஞ்சியது 8,833. அந்த மிச்சத்தில் 2,882ஐத் தாவர உண்ணிகள் தின்றன; 2,500 ஓடையோடு அடித்துச் செல்லப்பட்டது; எல்லாவற்றையும்விடப் பெரிய பங்கான 3,451 யாரும் தின்னாமல் மடிந்து, சிதைக்கும் உயிர்களிடம் போய்ச் சேர்ந்தது. சுற்றுலாப் பயணிகள் மீன்களுக்கு வீசிய ரொட்டியையும் ஓடம் விடாமல் வரவில் சேர்த்தார். அது 486 கிலோகலோரி.

இப்போது கூட்டிப் பாருங்கள். தாவரங்கள் முதல் உச்சிநிலை ஊனுண்ணிகள் வரை, சிதைக்கும் உயிர்கள் உட்பட எல்லாம் சேர்ந்து சுவாசத்தில் வெப்பமாக்கியது 18,796. ஓடையோடு போனது 2,500. இரண்டும் சேர்ந்து 21,296. வரவான 20,810ஐயும் ரொட்டியின் 486ஐயும் கூட்டினாலும் அதே 21,296தான். தாவரங்களுக்குத் திரும்பிய ஆற்றல் என்று ஒரு கிலோகலோரிகூடக் கணக்கில் இல்லை. பள்ளியில் எருக்குழி இருந்தால், குவியலின் நடுவில் ஒரு வெப்பமானியைச் செருகச் சொல்லுங்கள். நன்றாக மட்கும் குவியலின் உள்ளே 60 டிகிரி செல்சியஸ் வரைகூடச் சூடு ஏறும். இலைகள் சேர்த்து வைத்த சூரிய ஒளி வெளியேறுவதை மாணவர்கள் நேரிலேயே அளந்துவிடலாம்.

கேள்வி: ஆண்டுதோறும் ஏக்கருக்கு இத்தனை மூட்டை நெல்லும் வைக்கோலும் வயலை விட்டுப் போகின்றன. ஆனால் வயல் பள்ளமாவதில்லையே? அறுவடைக்குப் பின் வைக்கோலைக் கொளுத்தினால் சாம்பல் மண்ணிலேயே தங்கிவிடுவதால் நட்டமில்லை என்று சிலர் சொல்வது சரியா?
(விவசாயி, பாபநாசம்)

பதில்: வயல் பள்ளமாகாததற்கு விடை தேடும் சோதனையை 17ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் செய்து பார்த்திருக்கிறார். இன்றைய பெல்ஜியத்தைச் சேர்ந்த யான் வான் ஹெல்மான்ட், உலர்த்தி எடைபோட்ட 200 பவுண்டு மண்ணைத் தொட்டியிலிட்டு, 5 பவுண்டு எடையுள்ள ஒரு வில்லோ மரக் கன்றை நட்டு, ஐந்தாண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்கு மேல் வளர்ந்தது. மண்ணில் குறைந்ததோ ஏறத்தாழ 2 அவுன்ஸ்தான். மரம் முழுவதும் தண்ணீரிலிருந்தே உண்டானது என்று அவர் முடிவு கட்டினார். கரி எரியும்போது வெளிப்படும் வாயுவைத் தனியாக அடையாளம் கண்டு ஆராய்ந்தவரும் அவரேதான். அந்த வாயுவே மரத்தின் உடம்பாக மாறுகிறது என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். அது முழுவதும் காற்றில் 0.04 சதவீத அளவிலேயே இருக்கும் கரியமில வாயுவிலிருந்து வந்தது. உங்கள் நெல்லும் வைக்கோலும் எடையில் பெரும்பகுதி காற்றும் நீரும்தான்.

ஆனால் விவசாயிக்கு முக்கியமானது வான் ஹெல்மான்ட் பொருட்படுத்தாமல் விட்ட அந்த 2 அவுன்ஸ். அதில்தான் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) மற்றக் கனிமங்களும் அடக்கம். நெற்பயிர் எடுக்கும் தழைச்சத்திலும் (நைட்ரஜன்) மணிச்சத்திலும் பெரும்பங்கு மணிகளுக்குப் போகிறது. சாம்பல்சத்தின் பெரும்பகுதியோ வைக்கோலிலேயே நிற்கிறது. ஆகவே நெல்லை மட்டும் விற்றுவிட்டு, வைக்கோலை மாட்டுக்குப் போட்டு, சாணத்தை வயலுக்கே கொண்டு வருபவர் இழப்பது குறைவு. வைக்கோலைக் கட்டுக்கட்டாக வெளியூருக்கு விற்பவர் சாம்பல்சத்தையும் சேர்த்தே விற்கிறார்.

கொளுத்துவதில் நட்டமில்லை என்பது பாதிதான் உண்மை. சாம்பல்சத்தும் மணிச்சத்தும் பெரும்பாலும் சாம்பலில் தங்கும், காற்றும் மழையும் கொண்டுபோகாத வரை. தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் வாயுவாகிப் போய்விடுகிறது. கந்தகமும் ஓரளவு போகிறது. அதற்கும் மேலாக இன்னொன்று போகிறது. மண்ணில் மட்கியிருந்தால் மண்புழுவுக்கும் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் பல மாதங்களுக்கு உணவாகியிருக்கக்கூடிய ஆற்றல், அரைமணி நேரத்தில் புகையும் அனலுமாக முடிந்துவிடுகிறது. மண்ணிலுள்ள சத்துகளைக் கரைத்துக் கொடுப்பதும், மண்ணைப் பொலபொலப்பாக வைப்பதும் அந்த உயிர்களின் வேலை. கூலி இல்லாமல் அவை அதைச் செய்வதில்லை.

தக்கைப்பூண்டு, சணப்பை, கொழிஞ்சி போன்றவற்றை மடக்கி உழும்போது கிடைக்கும் தழைச்சத்தும் இலவசமாக வருவதன்று. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தாலும், அதன் இரு அணுக்களும் இறுகப் பிணைந்திருப்பதால் பயிரால் அதைத் தொட முடியாது. வேர்முடிச்சுக்குள் வாழும் பாக்டீரியா அந்தப் பிணைப்பை உடைக்கிறது. அதற்கான ஆற்றலைச் செடி தன் இலையில் செய்த சர்க்கரையிலிருந்து கொடுக்கிறது. யூரியா ஆலையில் இதே வேலையை இயற்கை எரிவாயு செய்கிறது. உலகின் மொத்த ஆற்றல் நுகர்வில் 1 முதல் 2 சதவீதம் இப்படி அம்மோனியா தயாரிப்பதற்கே செலவாகிறது. பொருள் தானாகச் சுழல்வதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி: ஒவ்வோர் உணவு நிலையிலிருந்தும் அடுத்ததற்குச் சரியாகப் 10 சதவீத ஆற்றல்தான் போகும் என்ற லிண்ட்மன் விதி எல்லா இடத்துக்கும் பொருந்துமா?
(போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வாசகர், திருநெல்வேலி)

பதில்: தேர்வில் 10 என்றே எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அந்த விதியோடு சேர்த்துச் சொல்லப்படும் ரேமண்ட் லிண்ட்மனே 10 என்று அளந்ததில்லை. மினசோட்டா மாநிலத்தின் சீடர் போக் என்ற சிறிய ஏரியை அவர் ஆராய்ந்து எழுதிய கட்டுரையில், தாவர உண்ணிகளின் திறன் 13.3 சதவீதம் என்றும் அவற்றை உண்பவற்றின் திறன் 22.3 சதவீதம் என்றும்தான் இருக்கிறது. புதுமையான அந்தக் கட்டுரையை வெளியிட ஆய்விதழ் முதலில் தயங்கியது. அவருடைய வழிகாட்டியான ஜி. ஈவ்லின் ஹட்சின்சன் பரிந்து எழுதிய பிறகே ஏற்றுக்கொண்டது. கட்டுரை 1942இல் அச்சாகி வருவதற்கு முன்பே, 26 வயதில், லிண்ட்மன் நோயால் இறந்துவிட்டார்.

மேலே சொன்ன சில்வர் ஸ்பிரிங்ஸ் கணக்கை எடுத்தாலும் இதே கதைதான். தாவரங்களின் மிச்சம் 8,833, தாவர உண்ணிகளின் உடலாகச் சேர்ந்தது 1,478, ஊனுண்ணிகளில் 67, உச்சி ஊனுண்ணிகளில் 6. முதல் படியில் சுமார் 17 சதவீதம், இரண்டாம் படியில் 5க்கும் குறைவு, மூன்றாம் படியில் 9. பத்து என்பது இத்தகைய பல அளவுகளின் நடுவே நிற்கும் ஒரு வசதியான எண்.

ஏன் இவ்வளவு வேறுபாடு? இரையில் எவ்வளவு தின்னப்படுகிறது, தின்றதில் எவ்வளவு செரிக்கிறது, செரித்ததில் எவ்வளவு உடலாகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் உயிருக்கு உயிர் வெவ்வேறு விடை. கடைசிக் கேள்வியில்தான் வேறுபாடு அதிகம். உடற்சூட்டை ஒரே நிலையில் வைத்துக்கொள்ள வேண்டிய பறவையும் பாலூட்டியும், செரித்ததில் 1 முதல் 3 சதவீதத்தை மட்டுமே உடலாக்குகின்றன. அந்தச் செலவு இல்லாத பூச்சிகள் சில 40 சதவீதம் வரை ஆக்குகின்றன. நாகரஹொளே முதலிய காடுகளில் புலிகளை நெடுங்காலம் ஆராய்ந்த உல்லாஸ் கரந்தின் கணக்குப்படி, ஒரு புலிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 50 குளம்பு விலங்குகள் இரையாக வேண்டும்; அந்த 50ஐ இழந்தும் குறையாமல் இருக்க, அதன் எல்லைக்குள் சுமார் 500 விலங்குகள் மேய வேண்டும். புலியை உண்டு வாழும் இன்னொரு விலங்கு ஏன் இல்லை என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. அப்படி ஒன்று இருந்தால் அதற்கு எவ்வளவு பெரிய காடு வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தேர்வில் கேட்கக்கூடிய இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உணவு நிலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எடையை வைத்துக் கட்டும் பிரமிடு தலைகீழாகவும் நிற்கும். இங்கிலீஷ் கால்வாயில் ஒரு சதுர மீட்டருக்கு மிதவைத் தாவரங்கள் 4 கிராமும் அவற்றை உண்ணும் மிதவை உயிரிகள் 21 கிராமும் இருந்ததாக ஒரு பழைய அளவீடு உண்டு. மிதவைத் தாவரங்கள் சில நாள்களுக்குள் பெருகி, பெருகிய வேகத்திலேயே தின்னப்படுவதால், கையிருப்பு குறைவாகவும் உற்பத்தி மிகுதியாகவும் இருக்கிறது. ஆற்றல் பிரமிடு மட்டும் ஒருபோதும் தலைகீழாவதில்லை.

கேள்வி: படிக்குப் படி ஆற்றல் குறைகிறது என்கிறீர்கள். அப்படியானால் பூச்சிமருந்து நஞ்சு மட்டும் படிக்குப் படி கூடுவது எப்படி?
(கல்லூரி மாணவர், யாழ்ப்பாணம்)

பதில்: ஆற்றல் குறைவதால்தான் நஞ்சு கூடுகிறது. ஒரு கிலோ உடல் எடை கூட்டுவதற்கு ஒரு மீன் பல கிலோ சிற்றுயிர்களைத் தின்ன வேண்டும்; தின்றதில் பெரும்பகுதியைச் சுவாசத்தில் எரித்துக் கரியமில வாயுவாக வெளியே விட்டுவிடுகிறது. டிடிடி (DDT), டிடிடீ (DDD) போன்ற குளோரின் சேர்மங்களை உடலால் அப்படி எரிக்கவும் முடியாது, நீரில் கரையாததால் சிறுநீரோடு எளிதில் வெளியேற்றவும் முடியாது. அவை கொழுப்பில் ஒதுங்கிவிடுகின்றன. உணவு எரிந்து போக, அதோடு வந்த நஞ்சு உடலிலேயே நின்றுவிடுகிறது.

இதற்குச் சான்றாக அதிகம் பேசப்படுவது கலிபோர்னியாவின் கிளியர் ஏரி. மீன்பிடிக்க வருபவர்களுக்குத் தொல்லையாக இருந்த சிறு கொசுப் பூச்சிகளை ஒழிக்க, டிடிடியின் நெருங்கிய உறவான டிடிடீ என்ற மருந்தை அந்த ஏரியில் 1949, 1954, 1957 ஆகிய மூன்று ஆண்டுகளில் கலந்தார்கள். நீரில் அதன் அளவு பத்து லட்சத்தில் 0.02 பங்குதான், யாரும் கவலைப்பட வேண்டியதில்லை என்று தோன்றும் அளவு. மிதவை உயிர்களில் அது 5 பங்கானது; மீன்களில் பல மடங்கு ஏறியது; மீனை உண்டு வாழும் முக்குளிப்பான் வகைப் பறவைகளின் கொழுப்பில் 1,600 பங்கு வரை சேர்ந்திருந்தது. அந்தப் பறவைகள் கூட்டமாகச் செத்து மிதந்த பிறகுதான் மருந்தடித்தவர்கள் நீரை விட்டுவிட்டு உயிர்களின் உடலைச் சோதிக்கத் தொடங்கினார்கள். நீரை மட்டும் அளந்துவிட்டு "பாதுகாப்பான அளவு" என்று சான்று தரும் வழக்கத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லாமல் போனதற்கு இந்த ஏரி ஒரு காரணம்.

கேள்வி: பிச்சாவரம் காட்டில் மரங்களின் இலையை மேயும் விலங்கு எதையும் காண முடியவில்லை. அப்படியிருக்க, அந்தக் காடு இல்லாவிட்டால் இறாலும் நண்டும் இருக்காது என்று ஏன் சொல்கிறார்கள்?
(வாசகர், பரங்கிப்பேட்டை)

பதில்: உங்கள் பார்வை சரி. பச்சை இலையை மேய்ந்து நடக்கும் பிழைப்பு அந்தக் காட்டில் மிகக் குறைவு. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் தெற்கு ஃபுளோரிடாவின் அலையாத்திக் காடுகளை ஆராய்ந்த எரிக் ஹீல்டும் வில்லியம் ஓடமும், மரத்தில் இருக்கும்போது தின்னப்படும் இலை சுமார் 5 சதவீதம்தான் என்று கண்டார்கள். மீதி எல்லாம் பழுத்துச் சேற்றில் விழுகிறது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட பிச்சாவரத்தின் கால்வாய்களில் படகில் போகும்போது, சுரபுன்னையின் முட்டுவேர்களுக்கு இடையே கரும்பழுப்பாகக் கிடக்கும் அந்தச் சருகுதான் விருந்தின் தொடக்கம்.

ஓர் இலையைப் பின்தொடர்ந்து பார்ப்போம். பழுக்கத் தொடங்கும்போதே மரம் அதிலுள்ள தழைச்சத்திலும் மணிச்சத்திலும் ஒரு பெரும் பங்கைக் கிளைக்குள் இழுத்துக்கொள்கிறது. கீழே விழுவது பெரும்பாலும் நாரும் துவர்ப்பும்தான். சில இலைகளை நண்டுகள் வளைக்குள் இழுத்துப் போய்க் கிழித்துத் தின்கின்றன. மற்றவை ஏற்றத்திலும் வற்றத்திலும் ஊறிக் கிடந்து, துவர்ப்புச் சத்து கரைந்து போன பின், பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் படர்வதற்கு இடம் கொடுக்கின்றன. அவை இலையின் கார்பனை எரித்து ஆற்றல் பெறுகின்றன. தங்கள் உடலைக் கட்டத் தேவையான நைட்ரஜனைச் சுற்றியுள்ள நீரிலிருந்து இழுத்துக்கொள்கின்றன. இதனால் சருகு மக்க மக்க எடை குறைகிறது, ஆனால் சத்து கூடுகிறது. ஃபுளோரிடா ஆய்வில், விழுந்த நிலையில் 3 சதவீதம் போலிருந்த புரத அளவு, ஓராண்டு நீரில் ஊறித் துகளான பின் 20 சதவீதத்தைத் தாண்டியது. இறால் குஞ்சு அந்தத் துகளை விழுங்கி, மேலே படிந்திருக்கும் நுண்ணுயிர்களைச் செரித்துவிட்டு, நாரைக் கழிவாக வெளியே தள்ளுகிறது. அந்தக் கழிவின் மேல் மறுபடியும் நுண்ணுயிர் படர்கிறது, வேறொரு பூச்சியோ புழுவோ அதை விழுங்குகிறது. ஒரே துகள் பல வயிறுகள் வழியாகப் போய் வரும்.

பின்னாளில் கார்பன் ஐசோடோப்புகளை (எடையில் மட்டும் வேறுபடும் கார்பன் அணு வகைகளை) கொண்டு செய்த ஆய்வுகள் இந்தச் சித்திரத்தைச் சற்றுத் திருத்தின. பல இடங்களில் இறாலின் உடலில் சேரும் கார்பனில் பெரும்பங்கு சருகிலிருந்து வரவில்லை. சேற்றின் மேல் படரும் நுண்பாசிகளிலிருந்தும் நீரில் மிதக்கும் பாசிகளிலிருந்தும் வருகிறது. காட்டின் உட்பகுதியில் சருகின் பங்கு கூடுதல், கடலை நெருங்க நெருங்கக் குறைவு. அதனால் காடு தேவையில்லை என்றாகிவிடாது. சேற்றைப் பிடித்து நிறுத்துவதும், மணிச்சத்தையும் தழைச்சத்தையும் கடலுக்குப் போகவிடாமல் தடுப்பதும், குஞ்சுகளுக்கு ஒளிந்துகொள்ள இடம் தருவதும் அந்த வேர்கள்தான். எதை யார் தின்கிறார் என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்தால், அலையாத்திக் காடும் சரி, மற்றக் காடுகளும் சரி, பாதிக்கு மேல் தப்பிவிடும். பெரும்பாலான காடுகளில் தின்னப்படும் பச்சை இலை 10 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. புலியையும் மானையும் மட்டும் வரைந்த உணவுச் சங்கிலிப் படங்களில் எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான்.

கேள்வி: காட்டை வெட்டினால் மரம் போகிறது, மண் அங்கேயேதானே இருக்கிறது?
(வாசகி, கொடைக்கானல்)

பதில்: மண் இருக்கும், மண்ணில் இருந்தது ஓடைக்குப் போய்விடும். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹப்பர்டு புரூக் என்ற காட்டில் ஜீன் லைக்கன்ஸ், ஹெர்பர்ட் போர்மன் ஆகியோர் தங்கள் குழுவோடு இதை அளந்தார்கள். அடியில் நீர் கசியாத பாறை இருப்பதால், அங்கே ஒரு நீர்ப்பிடிப்புப் பள்ளத்தாக்கிலிருந்து வெளியேறுவது எல்லாம் ஓடை வழியாகத்தான் போக வேண்டும். ஓடையின் குறுக்கே ஒரு சிறு தடுப்பைக் கட்டி நீரை அளந்தால் போதும். 1965இன் இறுதியில் ஒரு பள்ளத்தாக்கின் மரங்கள் அனைத்தையும் வெட்டி, மரத்தை எடுத்துச் செல்லாமல் அங்கேயே போட்டார்கள். மீண்டும் தழைக்காதபடி மூன்று கோடைகளுக்குக் களைக்கொல்லி அடித்தார்கள்.

இலைகள் ஆவியாக்கும் நீர் மிச்சமானதால் ஓடையில் நீர் ஏறத்தாழ 40 சதவீதம் கூடியது. நீரிலிருந்த நைட்ரேட்டோ முதலாண்டில் சுமார் 40 மடங்கும், அடுத்த ஆண்டில் 50 மடங்குக்கு மேலும் உயர்ந்து, குடிநீருக்கு வகுத்த வரம்பையும் தாண்டியது. காரணம், மட்கும் வேலை நிற்கவில்லை. வெயில் பட்ட தரையில் அது இன்னும் விரைவாகவே நடந்திருக்கும். அதில் விடுபட்ட அம்மோனியத்தை வாங்கிக்கொள்ள உயிருள்ள வேர் இல்லாததால், பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக்கின. அந்த மாற்றத்தில் உண்டான அமிலம், மண் துகள்களில் ஒட்டியிருந்த கால்சியத்தையும் பொட்டாசியத்தையும் பெயர்த்து ஓடையில் விட்டது. காட்டின் சத்தைக் காப்பது மண் மட்டும் அல்ல. மட்குவதற்கும் வேர் உறிஞ்சுவதற்கும் இடையே உள்ள இசைவும்தான். மழையும் சரிவும் மிகுந்த பழனி மலை போன்ற இடங்களில், வெட்டிய பரப்பு எத்தனை நாள் வெறுமையாகக் கிடக்கிறது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

கேள்வி: பாறுக் கழுகுகள் அழிந்தால் இயற்கையின் சுழற்சி நின்றுவிடுமா?
(வாசகர், சத்தியமங்கலம்)

பதில்: நிற்காது; ஆள் மாறும். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோபீனாக் வலிநீக்கி மருந்தால் பாறுகளின் சிறுநீரகம் செயலிழந்து அவை மடிகின்றன என்பது 2004இல் உறுதியானது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. அதற்குள் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 99 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டன. செத்த மாட்டின் கார்பனும் நைட்ரஜனும் இன்றும் மண்ணுக்குத்தான் வருகின்றன. ஆனால் ஒரு பாறுக் கூட்டம் ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும் உடலை, இப்போது நாய்களும் எலிகளும் புழுக்களும் பல நாள்கள் தின்கின்றன. பாறின் கடுமையான வயிற்று அமிலத்தில் அழிந்திருக்கக்கூடிய கிருமிகள் அந்த நாள்களில் நீருக்கும் ஊருக்கும் பரவுகின்றன. உங்கள் பக்கத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கு, பாறுகள் இன்னும் கூடு கட்டும் மிகச் சில தென்னிந்திய இடங்களில் ஒன்று.

கேள்வி: சூரியனை நம்பாத சூழல் மண்டலம் உண்டா?
(பள்ளி மாணவி, கோயம்புத்தூர்)

பதில்: உண்டு என்றே சொல்லலாம். 1977இல் கலாபகஸ் தீவுகளுக்கு அருகே சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில், ஆல்வின் என்ற நீர்மூழ்கியில் இறங்கியவர்கள் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி உயிர்கள் மண்டிக் கிடப்பதைக் கண்டார்கள். அங்கே பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடை ஆக்சிஜனோடு சேர்த்து ஆற்றல் பெறுகின்றன. வாயும் குடலும் இல்லாத பெரிய குழாய்ப்புழுக்கள் அந்தப் பாக்டீரியாக்களை உடலுக்குள்ளேயே வளர்த்து உயிர் வாழ்கின்றன. ஆனால் அந்த ஆக்சிஜன் மேலே வெயிலில் நடக்கும் ஒளிச்சேர்க்கையிலிருந்து வந்தது. ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் சேர்த்து மீத்தேன் ஆக்கி வாழும் நுண்ணுயிர்கள் போன்ற சிலவற்றுக்கே சூரியனிடம் அந்தக் கடனும் இல்லை.

கேள்வி: கார்பனும் நைட்ரஜனும் காற்று வழியாகத் திரும்புகின்றன. மணிச்சத்து எப்படித் திரும்பும்?
(உரக்கடை நடத்துபவர், திருவையாறு)

பதில்: மணிச்சத்துக்குக் காற்றில் வாயு வடிவம் இல்லை என்று சொல்லுமளவுக்கு அது குறைவு, ஆகவே அதன் திரும்பும் வழி மிக மெதுவானது. பாறை கரைந்து மண்ணுக்கு வருகிறது, மண்ணிலிருந்து பயிருக்கும் விலங்குக்கும், அங்கிருந்து மறுபடி மண்ணுக்கும் பலமுறை சுற்றுகிறது; ஒருமுறை ஆற்றோடு கடலுக்குப் போய் அடியில் படிந்துவிட்டால், அந்தப் படிவம் நிலமாக மேலெழும்பக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும். இடையில் சில குறுக்குவழிகள் உண்டு. ஆப்பிரிக்காவின் சாட் நாட்டிலுள்ள போடெலே என்ற வற்றிய ஏரிப் படுகையின் புழுதி, சகாராவின் மற்றப் புழுதியோடு சேர்ந்து அட்லாண்டிக்கைக் கடந்து அமேசான் காட்டில் விழுகிறது; அதனோடு ஆண்டுக்கு ஏறத்தாழ 22,000 டன் மணிச்சத்து அந்தக் காட்டுக்குக் கிடைப்பதாகச் செயற்கைக்கோள் அளவீடுகளைக் கொண்டு 2015இல் கணக்கிட்டார்கள். மழையில் கரைந்து அமேசான் இழக்கும் அளவும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

உங்கள் கடையிலுள்ள டிஏபி (மணிச்சத்து உரம்) மூட்டைக்கு அப்படி ஒரு புழுதி கிடையாது. உலகின் பாஸ்பேட் பாறை இருப்பில் சுமார் 70 சதவீதம் மொராக்கோவிலும் மேற்குச் சகாராவிலும் இருக்கிறது; நம் நாடு தேவையின் பெரும்பகுதியைப் பாறையாகவோ அமிலமாகவோ உரமாகவோ இறக்குமதி செய்கிறது. அந்த மணிச்சத்து காவிரிக் கரையில் நெல்லாகிச் சென்னையில் சோறாகி, கழிவுநீராகக் கடலுக்குப் போகிறது. இதை மறித்து மீட்கும் வழி ஒன்று உண்டு. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் மக்னீசியம் உப்பைச் சேர்த்தால், மணிச்சத்தும் அம்மோனியமும் சேர்ந்து வெண்ணிறப் படிகமாகப் பிரிந்து நிற்கும். ஜப்பான், கனடா, நெதர்லாந்து ஆகிய நாடுகளின் சில நிலையங்களில் இதைச் செய்து உரமாக விற்கிறார்கள். அது மண்ணில் மெதுவாகக் கரைவதால் மழையில் எளிதில் அடித்துப் போவதும் இல்லை.